இரு கண்களும் திறந்திருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

மழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிறைந்து நிற்கும் இம்மாதங்களில் டெல்டா மாவட்டங்களிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பறவைகளைப் படமெடுப்பது பற்றியவை. இம்முறை அவற்றில் பலவும், இலக்கின்மேல் சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும், உருப்பெருக்கம் ஏதுமில்லாத ரெட் டாட் சைட் என்ற சிறு கருவியைப் பற்றியே கேட்டிருக்கின்றன. அதே கருவியைத் தொலைநோக்கியிலும் ஏர் ரைஃபிளிலும் பொருத்தியிருப்பவர்களின் கேள்விகளையும் உடன் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகர், மன்னார்குடி: என்னிடம் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. வடுவூர் ஏரியில் பறக்கும் பறவையை வியூஃபைண்டருக்குள் கொண்டுவருவதற்குள் அது போய்விடுகிறது என்பதால், கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில்) பொருத்தும் டாட் சைட் ஒன்றை வாங்கினேன். இடக்கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்த்தால் பறவை மங்கலாகிறது. பறவையைப் பார்த்தால் புள்ளியைக் காணவில்லை. இரு கண்களையும் திறந்து வைக்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். திறந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. குறை கருவியிலா, என் கண்ணிலா?

இரண்டிலும் இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் புள்ளியைப் பார்க்க முயல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டாட் சைட்டின் பின்பகுதியில், அடியோரமாக, சிறிய சிவப்பு எல்.இ.டி. ஒன்று இருக்கிறது. முன்னாலுள்ள கண்ணாடி பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மெல்லிய குழிவு உடையது. சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பிவிட்டு மற்ற நிறங்களைக் கடத்திவிடும் பூச்சு ஒன்று அதன்மேல் உண்டு. எல்.இ.டி. அந்தக் குழியாடியின் குவியத்தில் வைக்கப்பட்டிருப்பதால், பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக உங்கள் கண்ணை வந்தடைகின்றன. பள்ளி இயற்பியலில் படித்ததுதான்: இணைகதிர்களாக வருவதைக் கண் வெகுதொலைவில் இருக்கும் பொருளாகவே கொள்ளும். ஆகவே அந்தப் புள்ளி, நிலைக்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டைப் போலக் கண்ணாடியின்மேல் இருப்பதில்லை. ஏரியின் நடுவே பறக்கும் நத்தைகுத்தி நாரைக்கு அருகிலோ அதற்கும் அப்பாலோ நிற்பதாகவே கண்ணுக்குப் படுகிறது.

புள்ளியைக் கண்ணாடியின்மேல் தேடும்போது உங்கள் இரு விழிகளும் சாண் தொலைவில் இருக்கும் அந்தக் கண்ணாடியை நோக்கி உள்ளே திரும்புகின்றன. கண்ணிலுள்ள லென்சும் கிட்டத்தில் ஃபோகஸ் செய்கிறது. அப்போது தொலைவிலுள்ள பறவை மங்குவதும் இரண்டாவதும் இயல்பே. வயல் வரப்பில் நின்றுகொண்டு, எதிர்க்கரையிலுள்ள ஒரு தென்னையின் குறுக்கே கட்டைவிரலை நீட்டிப் பாருங்கள். விரலைப் பார்த்தால் தென்னை இரண்டாகும். தென்னையைப் பார்த்தால் விரல் இரண்டாகி, இரண்டும் நீர்த்த நிழல்போல் ஆகிவிடும். இரண்டாவது நிலைதான் டாட் சைட்டுக்கு வேண்டியது. பார்வை பறவையின்மேல் ஊன்றி நிற்கும்போது கருவியின் சட்டம் நிழலாகிக் கரைந்துவிடும். புள்ளியோ, தொலைவில் இருப்பதாகத் தோன்றும் பொருளாகையால், கரையாமல் ஒன்றாகவே நிற்கும். அதைக் காண்பது சைட்டுக்குப் பின்னாலுள்ள கண் மட்டுமே. ஆனால் பறவையை இரு கண்களும் காண்கின்றன. இரண்டிலிருந்தும் வரும் காட்சியை மூளை ஒன்றாகப் பொருத்தும்போது, ஒரு கண் கண்ட புள்ளியையும் அந்தப் பொதுக்காட்சியின்மேல் வைத்துவிடுகிறது.

துப்பாக்கிகளில் உள்ள பழைய இரும்புக் குறிகளுக்கு ஒரு கண்ணை மூடும் பழக்கம் காரணத்தோடு வந்ததுதான். அங்கே முன்குறி கைநீள தூரத்தில் இருக்கிறது, கண் அதில்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், அப்படிச் செய்தால் இலக்கு இரண்டாகும். ஆகவே ஒரு கண்ணை மூடினார்கள். டாட் சைட்டில் அந்தக் காரணமே இல்லாதபோது பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வதில் பயனில்லை. நட்டமும் உண்டு. ஒரு கண்ணால் பக்கவாட்டில் ஏறத்தாழ 150 பாகை அளவுக்குப் பார்க்கலாம். இரு கண்களாலும் 180 பாகைக்கு மேல் பார்க்கலாம். வலக்கண்ணால் குறிபார்ப்பவர் இடக்கண்ணை மூடினால் இடப்பக்கத்து ஓரப்பார்வைதான் போகிறது. இடப்பக்கத்திலிருந்து கூட்டமாக எழுந்து வரும் ஊசிவால் வாத்துகள் சட்டகத்தில் நுழையும்வரை அவருக்குத் தெரியாது. தவிரவும், ஒரு கண்ணை வலிந்து மூடினால் மற்றக் கண்ணின் இமையும் சேர்ந்து சுருங்குகிறது. அரைமணி நேரம் கரையில் நிற்பவருக்கு அது பெரிய களைப்பு.

செய்முறை எளியது, ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் கேமராவைக் கீழே வைத்துக்கொண்டே இரு கண்களாலும் பறவையைப் பிடியுங்கள். பார்வையை அதைவிட்டு எடுக்காமல், கேமராவை உங்கள் பார்வைக் கோட்டுக்குள் உயர்த்துங்கள். புள்ளி தானாக வந்து அமரும். அது வரவில்லையென்றால் தலையை ஆட்டிக் கண்ணாடிக்குள் எட்டிப்பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் கேமராவைத் தாழ்த்திவிட்டு மறுபடியும் உயர்த்துங்கள். பறக்கும் பறவையில் பழகுவதற்கு முன் வரப்பில் நிற்கும் கொக்கு, மின்கம்பத்து மைனா என அசையாதவற்றில் கை பழகட்டும். கொக்கின் அலகு நுனியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் கண் கண்ணாடிக்குத் திரும்பாமல் இருக்கும்; பொதுவாக ‘பறவையை’ப் பார்ப்பதைவிட அதன் ஒரு சிறு பகுதியைப் பார்ப்பது பார்வையை நன்றாகக் கட்டிப்போடுகிறது.

சைட்டையும் லென்சையும் ஒரே இடத்தை நோக்கும்படி பொருத்திக்கொள்வது அதற்கு முந்தைய வேலை. ஜூமை 600-இல் வைத்து, தொலைவிலுள்ள கோபுரக் கலசம் ஒன்றைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்தி, முக்காலியை இறுக்கிவிட்டு, சைட்டின் திருகுகளால் புள்ளியை அந்தக் கலசத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுச்சட்டகக் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் காட்டுவது ஏறத்தாழ மூன்றரைப் பாகைதான். 50 மீட்டர் தொலைவில் அது 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சன்னல். லென்சின் நடுவிலிருந்து சைட் 10 செ.மீ. மேலே இருந்தால் அந்த 2 மீட்டரில் 10 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 5 மீட்டரில் மதகின்மேல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு அதே சன்னலின் உயரம் 20 செ.மீ. மட்டுமே, சைட் காட்டும் இடம் சட்டகத்தின் மேல்விளிம்புக்குப் போய்விடும். எனவே கிட்டத்துப் பறவைக்கு வியூஃபைண்டரே போதும். டாட் சைட் தொலைவுக்கும் வேகத்துக்கும் உரியது. ஒலிம்பஸ் நிறுவனம் 2015-இல் ஹாட் ஷூவில் மாட்டும் தனி டாட் சைட்டை வெளியிட்டதும் இத்தகைய நீண்ட லென்சுகளை மனத்தில் கொண்டுதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கேமரா ஃபோகஸ் பிடித்ததா இல்லையா என்பதைப் புள்ளி சொல்லாது. ஆட்டோ ஃபோகஸ் பரப்பை அகலமாக வைத்துக்கொண்டு ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே பறவையைத் தொடருங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைஃபிள் பழகுகிறேன். வலத்தோளில் வைத்து, இரு கண்களையும் திறந்து டாட் சைட்டில் பார்க்கும்போது புள்ளி தெரிந்து தெரிந்து மறைகிறது. இடக்கண்ணை மூடினால் நிலையாக நிற்கிறது. பேட்டரி புதியது.

பேட்டரியை விட்டுவிடுங்கள். இடக்கண்ணை மூடியதும் புள்ளி நிலைபெறுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் எல்.இ.டி. சரியாகவே எரிகிறது. வலக்கண் புள்ளியோடு கூடிய காட்சியையும் இடக்கண் புள்ளியில்லாத காட்சியையும் அனுப்புகின்றன. மூளை சில நொடிகள் இதையும் சில நொடிகள் அதையும் ஏற்கிறது. உங்களுக்கு இடக்கண் மேலோங்கும் கண்ணாக, அதாவது குறிபார்க்கையில் மூளை முன்னுரிமை தரும் கண்ணாக, இருக்க வாய்ப்பு அதிகம். மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வலக்கண் மேலோங்குகிறது. எஞ்சியவர்களில் வலக்கைக்காரர்களும் நிறைய உண்டு. எழுதும் கையை வைத்துக் கண்ணை முடிவு செய்ய முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகள் முன்னோக்கி இருக்க, கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து சிறிய முக்கோண இடைவெளி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரு கண்களையும் திறந்து, அந்த இடைவெளிக்குள் தொலைவிலுள்ள செல்போன் டவரின் உச்சியைக் கொண்டுவாருங்கள். இப்போது இடக்கண்ணை மூடுங்கள். உச்சி அங்கேயே இருந்தால் வலக்கண் மேலோங்குகிறது. கைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் இடக்கண். சிலருக்கு இரு கண்களும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், சோதனை ஒவ்வொரு முறையும் வேறுவேறு விடையைத் தரும்.

இடக்கண் என்று உறுதியானால், நீங்கள் புதிதாகப் பழகுபவர் என்பதால், ரைஃபிளை இடத்தோளுக்கு மாற்றிக்கொள்வதே என் பரிந்துரை. தொடக்கத்தில் கை தடுமாறினாலும் கண்ணோடு மல்லுக்கு நிற்பதைவிட அது எளிது. பல ஆண்டு பழக்கமுள்ளவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், குறிபார்க்கும்போது விழி எதிர்ப்படும் இடத்தில் மட்டும், பால்நிற ஒட்டுநாடாவைச் சுண்டுவிரல் நக அளவுக்கு ஒட்டிக்கொள்ளலாம். இலக்கு மட்டும் அந்தக் கண்ணுக்கு மங்கும். வெளிச்சமும் ஓரப்பார்வையும் குறையாது. கறுப்புத் துணியால் கண்ணை முழுதாக மறைப்பது தவறு: ஒரு கண் இருட்டில் இருந்தால் திறந்திருக்கும் கண்ணின் பாப்பாவும் சற்று விரிந்து கூர்மை குறையும்.

மேலோங்கும் கண் வலக்கண்ணாகவே இருந்தால் புள்ளியின் வெளிச்சத்தை ஒரு படி கூட்டிப் பாருங்கள். நடுப்பகல் வெயிலில் வெள்ளை இலக்கு அட்டைக்கு எதிரே மங்கலான புள்ளி தோற்றுப்போகும். அளவுக்கு மீறிக் கூட்டினாலோ அது பூத்துப் பரவி, கண்ணை இலக்கிலிருந்து தன்பக்கம் இழுத்துவிடும்.

வாசகர், தஞ்சாவூர் (அதே கடிதத்தில்): போட்டியிலும் இதைப் பயன்படுத்தலாமா?

சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் டாட் சைட்டுக்கு இடமில்லை. பயனும் இல்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 2 எம்.ஓ.ஏ. புள்ளி, அதாவது ஒரு பாகையின் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ளது, 10 மீட்டரில் 5.8 மி.மீ. அகலத்தை மறைக்கும். ரைஃபிள் இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளி அரை மி.மீ.; ஒன்பதாம் வளையத்தின் விட்டமே 5.5 மி.மீ.தான். குறிவைக்க வேண்டிய இடம் முழுவதையும் புள்ளி மூடிவிடுகிறது. போட்டிதான் நோக்கமென்றால் கிளப்பிலுள்ள துளைக்குறியில் (சிறு துளை வழியே பார்க்கும் குறியில்) இப்போதே பழகத் தொடங்குங்கள். அங்கும் ஒரு கண்ணை மூட வேண்டியதில்லை. குறிபார்க்காத கண்ணின் முன்னே 30 மி.மீ.க்கு மிகாத மறைப்பை வைத்துக்கொள்ள விதிகளே அனுமதிக்கின்றன.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் டாட் சைட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதன் அதிர்வு பின்னோக்கி மட்டுமின்றி முன்னோக்கியும் வருவதால் மலிவான சைட்டுகளின் திருகுகள் விரைவில் தளர்ந்துவிடும்.

வாசகர், கும்பகோணம்: எனக்கு வயது 52. புள்ளி வட்டமாகத் தெரியாமல் காற்புள்ளியைப் போல வால் நீட்டித் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

மாற்றித் தந்தாலும் வால் போகாது என்றே நினைக்கிறேன். செல்போன் கேமராவைச் சைட்டுக்குப் பின்னால் வைத்துத் தொலைவிலுள்ள சுவரை நோக்கி ஒரு படமெடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது. உங்கள் கண்ணில் சிலிண்டர் பவர் இருக்கிறது. செல்போன் இல்லாமலும் அறியலாம்: சைட்டைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். வாலும் கூடவே சுழன்றால் குறை கருவியில். வால் ஒரே திசையில் நின்றால் குறை கண்ணில்.

விழியின் முன்பக்கத்து விழிவெண்படலம் (கார்னியா) எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாததால் சிறிய ஒளிப்புள்ளி இவ்வாறு இழுபடுகிறது. சிலருக்கு வால், சிலருக்கு நட்சத்திரம், சிலருக்கு இரட்டைப் புள்ளி. வேறெங்கும் தொந்தரவு தராத மிகச் சிறிய சிலிண்டர் பவர்கூடக் கூர்மையான சிவப்புப் புள்ளியில் வெளிப்பட்டுவிடும். கண் பரிசோதனை செய்து, சிலிண்டருடன் கூடிய தூரப்பார்வைக் கண்ணாடியை அணிந்துகொண்டு பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி வருவதற்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம். அதற்கும் அடங்காதவர்கள், குறியைச் சைட்டின் கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கும் ப்ரிஸம் வகை சைட்டுக்கு மாறுவது நல்லது. இரு கண்களையும் திறந்துவைத்து அதையும் பயன்படுத்தலாம். ஆனால் டாட் சைட்டைப் போல எங்கிருந்து பார்த்தாலும் குறி தெரியும் சுதந்திரம் அதில் இல்லை, கண் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் இருக்கும். இங்கே அதனால் தொல்லையில்லை. கிட்டத்தில் எதையும் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால் நாற்பதைக் கடந்தவர்களுக்கு டாட் சைட் உண்மையிலேயே பெரிய வசதி. பைஃபோகல் அணிபவர்கள் மட்டும், கீழ்ப்பகுதியான படிக்கும் கட்டத்தின் வழியாகப் பார்வை போகாதபடி தலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசகர், நாகப்பட்டினம்: கோடியக்கரையில் விடியற்காலையில் பூநாரைகளைப் படமெடுத்தேன். டாட் சைட்டின் முன்மூடியைத் திறக்க மறந்துவிட்டேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் இரு கண்களையும் திறந்திருந்ததால் புள்ளி பறவையின்மேல் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாப் படங்களிலும் பறவை இடது விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. மூடியிருந்ததற்கும் விலகியதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. இந்த இதழுக்கு வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுவே.

மூடி திறந்திருக்கும்போது வலக்கண் புள்ளியையும் பறவையையும் சேர்த்தே காண்கிறது. இடக்கண்ணின் வேலை காட்சியை அகலப்படுத்துவது மட்டுமே. குறி வலக்கண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மூடியதும் வலக்கண்ணுக்குப் புள்ளி மட்டும், இடக்கண்ணுக்குப் பறவை மட்டும். மூளை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டத்தான் செய்கிறது, ஆனால் எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு அதனிடம் ஆதாரம் இல்லை. இரு விழிகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைப்பது இரண்டுக்கும் பொதுவான காட்சிதான். அது இல்லாதபோது விழிகள் தம் ஓய்வு நிலைக்கு நழுவுகின்றன. நம்மில் பலருக்கு அந்த நிலை முழு இணையாக இருப்பதில்லை, சற்று உள்ளேயோ வெளியேயோ, அரிதாக மேலேயோ கீழேயோ சாய்ந்திருக்கும். கண் மருத்துவர்கள் இதை ப்ரிஸம் அளவில் கணக்கிடுகிறார்கள்: ஒரு ப்ரிஸம் அளவு என்பது 1 மீட்டருக்கு 1 செ.மீ. விலகல். உங்கள் விழிகள் 3 ப்ரிஸம் அளவு விலகுபவை என்று கொண்டால், 50 மீட்டரில் புள்ளி ஒன்றரை மீட்டர் தள்ளி விழும். 600 மி.மீ. லென்சின் சட்டகம் அங்கே 3 மீட்டர் அகலம் என்று மேலே கணக்கிட்டோம். நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் என்பது சரியாக விளிம்பு. பறவை பாதி வெட்டுப்பட்டதற்குக் காரணம் அதுவே.

வீட்டு மொட்டைமாடியிலேயே இதைச் சோதிக்கலாம். கேமராவை முக்காலியில் இறுக்கி, புள்ளியைத் தொலைவிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நிறுத்துங்கள். இரு கண்களையும் திறந்தபடியே மூடியைப் போட்டு, சில நொடிகள் பொறுத்துப் பாருங்கள். புள்ளி மெல்ல நகர்ந்து செல்வதைக் காண்பீர்கள். எந்தப் பக்கம் போகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். களைப்பைப் பொறுத்து ஒருவருக்கே கூட மாறும். 1970-களில் இவ்வாறு முன்பக்கமே முழுதாக அடைபட்ட குறிநோக்கிகள் சந்தையில் இருந்தன. இரு கண்களையும் திறந்தால்தான் அவை வேலை செய்யும். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய சைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு அவை ஒதுங்கிப்போயின. மூடியை ஒரு கயிற்றில் கட்டிக் கேமராப் பட்டையோடு சேர்த்துவிடுங்கள். திறக்காமல் தூக்க முடியாது.

வாசகர், திருவாரூர்: கண்புரை அறுவை சிகிச்சையில் ஒரு கண்ணுக்குத் தூரப்பார்வை லென்சும் மற்றதற்குக் கிட்டப்பார்வை லென்சும் வைத்திருக்கிறார்கள். நான் இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. தூரப்பார்வைக் கண் சைட்டுக்குப் பின்னால் வரவேண்டும், அவ்வளவுதான். அது இடக்கண்ணாக இருந்தாலும் ஹாட் ஷூ சைட்டுக்குத் தடையில்லை. ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்களுக்கும் புள்ளி அதே துல்லியத்தோடு வேலை செய்யும். மறுபக்கத்து ஓரப்பார்வை இல்லாததைத் தலையைத் திருப்பி ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

ஆசிரியை, மயிலாடுதுறை: பள்ளி வானியல் மன்றத்துக்காக வாங்கிய தொலைநோக்கியில், அதை வானில் குறிபார்த்துத் திருப்ப உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் இருக்கிறது. மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரத்திலிருந்து பார்ப்பதால் புள்ளி கண்ணாடிக்குள் இடம் மாறுகிறது. அப்படியானால் குறி தவறிவிடாதா? மார்கழிப் பனியில் கண்ணாடி மூடிக்கொள்வதற்கும் வழி சொல்லுங்கள்.

புள்ளி கண்ணாடிக்குள் இடம் மாறலாம். வானத்தில் இடம் மாறுகிறதா என்பதே கேள்வி. வியாழனின்மேல் புள்ளியை நிறுத்திவிட்டு, தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கண்ணாடியின் விளிம்புவரை புள்ளி போனாலும் அது வியாழனைவிட்டு விலகாது, அல்லது மிகச் சிறிதே விலகும். கதிர்கள் இணையாக வருவதன் பயன் அதுவே. கிட்டத்துப் பொருள்களில்தான், கண் இடம் மாறுவதால் வரும் இடமாறு தோற்றப் பிழை கொஞ்சம் தலைகாட்டும். அங்கும் பிழை ஏறத்தாழக் கண்ணாடியின் ஆரத்தைத் தாண்டாது. 20 மி.மீ. கண்ணாடியென்றால் சுமார் 10 மி.மீ. விண்மீன்களுக்கு அது கணக்கிலேயே வராது. இணைகதிர்க் குறிநோக்கியை 1900-இல் வடிவமைத்த டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப் தொலைநோக்கிகள் செய்வதையே தொழிலாகக் கொண்டவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். துப்பாக்கிக்காக அவர் யோசித்தது ஒரு சுற்று சுற்றித் தொலைநோக்கிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மாணவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்டருக்குள் எட்டிப்பார்ப்பார்கள். அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இரு கண்களையும் திறந்து முதலில் வானத்தைப் பார்த்து, திருவாதிரை நட்சத்திரம் எது, ரோகிணி எது என்று அடையாளம் கண்டுகொண்ட பிறகே குழாயைத் திருப்ப வேண்டும். உயரக் கட்டடங்கள் இல்லாத நம் சமவெளியில் தொடுவானம் வரை வானம் திறந்து கிடக்கிறது. அதை ஒரு சிறு கண்ணாடிக்குள் மட்டும் பார்க்கவைப்பது வீண். புள்ளியின் வெளிச்சம் இருப்பதிலேயே குறைந்த நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மங்கிய விண்மீனை அது விழுங்கிவிடும்.

பனிக்கு எளிய மருந்து கறுப்புச் சார்ட் தாள். திறந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால்தான் அதன்மேல் ஈரம் படிகிறது. ஃபைண்டரின் முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குழலாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிட்டால், கண்ணாடிக்குத் தெரியும் வானத்தின் பரப்பு குறைந்து, படிவதும் வெகுநேரம் தள்ளிப்போகும். படிந்த பிறகு துணியால் துடைக்க வேண்டாம். திட்டுத்திட்டாக ஈரம் பரவிப் புள்ளி ஒன்று மூன்றாகிவிடும்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்: ஏர் கன்னில் டாட் சைட் வைத்தால் கொக்கு, மடையான் அடிக்க எளிதாக இருக்குமா? உரிமம் தேவையில்லாத துப்பாக்கிதான்.

இதற்குக் குறிப்புகள் தரமாட்டோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பது அட்டையில் சுடுவதற்கான சலுகை. அந்தப் பறவைகளைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். எந்தக் கருவியால் கொன்றாலும் குற்றமே.

வாசகர், கொரடாச்சேரி: அறுவடை நேரத்தில் வயலோரம் நின்று படமெடுத்ததில் சைட் கண்ணாடி முழுவதும் தூசி. எப்படித் துடைப்பது? பேட்டரியை எப்போது மாற்றுவது?

நெல் அறுக்கும் இயந்திரம் கிளப்பும் தூசியில் உமியின் சுணை கலந்திருக்கும். அது கண்ணாடியின் பூச்சைக் கீறும். துண்டு நுனியாலோ சட்டையாலோ துடைத்துவிடாதீர்கள். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியாகவே லென்ஸ் துணி. எல்.இ.டி. இருக்கும் பின்பக்கக் குழிக்குள்ளும் ஊதுங்கள்; அங்கே ஒரு சுணை நின்றாலே புள்ளி உடைந்து தெரியும். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032 வட்ட பேட்டரிதான். நல்ல சைட்டுகளில் நடுத்தர வெளிச்சத்தில் அது ஆண்டுக்கணக்கில் எரியும். மலிவானவற்றில் அணைக்க மறந்தால் சில நாள்களில் தீர்ந்துவிடும். பையில் ஒன்றைக் கூடுதலாக வைத்திருங்கள். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பேட்டரி தொடும் உலோகத் தகட்டில் உப்புப் பூத்திருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

மாணவர், திருச்சிராப்பள்ளி: 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த கிரகணத்துக்கு, தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டி போட்டுவிட்டால், புள்ளி ஃபைண்டரால் சூரியனைக் குறிபார்க்கலாமா?

கூடாது. வடிகட்டி தொலைநோக்கிக்குள் செல்லும் ஒளியை மட்டுமே தடுக்கிறது. ஃபைண்டர் அதற்கு வெளியே இருக்கும் வெறும் கண்ணாடி. இரு கண்களையும் திறந்து அதன் வழியே சூரியனை நோக்குவது வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதேயாகும். அன்று ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள், மற்றவர் கை தவறிக்கூட அதன் பின்னால் போகாமல் இருக்கும். வடிகட்டியை முகப்பில் இறுக்கிய பிறகு, தொலைநோக்கியின் நிழல் தரையில் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருப்புங்கள். நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி, குழாயின் வாய் அளவுள்ள வட்டமாக ஆகும்போது சூரியன் பார்வைப்புலத்துக்குள் வந்திருக்கும்.